சி பிளாக், எட்டாவது மாடி, ஏரிப் பக்கம்

ஓர் அடுக்குமாடித் திட்டத்தை ஆராய்ந்து ஆட்சேபம் எழுதித் தரும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட மறுவாரமே, அதே திட்டத்தின் விற்பனை அலுவலகத்துக்குப் போய், மாதிரி வீட்டின் பால்கனியில் முக்கால் மணி நேரம் நின்று, பிரம்பு நாற்காலியை எந்த மூலையில் போடலாம் என்று யோசித்தவன் நான். யோசித்ததோடு நிற்கவில்லை. அங்கே நீட்டிய படிவத்தில் 'விருப்பம்' என்ற கட்டத்துக்கு எதிரே, 'சி பிளாக், எட்டாவது மாடி, ஏரிப் பக்கம்' என்று, ஒற்று மிகும் இடத்தில் ஒற்றுப் போட்டு, நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கைபேசி எண்ணையும் கொடுத்தேன். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேவு பார்ப்பவர்கள் நாற்காலிக்கு இடம் பார்ப்பதில்லை.

எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். தெருவுக்கு மேற்கே ஏரி. ஏரிக்கும் தெருவுக்கும் நடுவே முள் மண்டிக் கிடந்த நிலத்தில்தான் நான்கு பிளாக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். பதிவேட்டில் விவசாய நிலமாக இருப்பதைக் குடியிருப்பு நிலமாக மாற்ற விண்ணப்பித்திருந்தார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன தேதிக்குள் எழுத்தில் தரலாம் என்று பேப்பரில், பெயர் மாற்ற அறிவிப்புகளுக்குப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு விளம்பரம் வந்தது. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு சின்ன வெளிச்சமும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அன்று மாலையே சங்கம் கூடி மூவர் குழு அமைத்தது. அவர், நான், மூன்றாவதாக ஒருவர். மூன்றாமவர் மறுநாள் மகள் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டார். நாங்கள் எதை அனுப்பினாலும் அங்கிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வரும்.

என்னைச் சேர்த்ததற்குக் காரணம், "நீங்கதான் எழுதுறவராச்சே சார்" என்பது. வாரப் பத்திரிகைகளில் நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரைகளை அந்தத் தெருவில் யாரும் படித்ததில்லை. ஆனால் எழுதுகிறவன் என்பது ஊர்ஜிதமாகிவிட்டபடியால், 'குப்பையை இங்கே கொட்டாதீர்' முதல் இரங்கல் தீர்மானம் வரை எல்லாம் என் கையால்தான் வெளிவரும். குப்பை அந்த இடத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது.

இந்தத் தடவை விஷயம் விளையாட்டில்லை என்று எனக்கும் தெரியும். ஒரு டிசம்பரில் ஏரி நிறைந்து எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. என் புத்தக அலமாரியில் கீழ்த்தட்டு இரண்டும் போயின. அங்கே நான் வைத்திருந்ததெல்லாம் வாங்கிவிட்டுப் படிக்காத கனமான புத்தகங்கள். அந்த வகையில் வெள்ளத்துக்கு என்னைவிட வாசிப்பு அதிகம். எங்களுக்கு இடுப்பளவு என்றால், இன்னும் பள்ளமான பின்தெருவின் வரிசை வீடுகளில் கழுத்தளவு. அங்கிருந்து எங்களுக்கு இட்லி மாவு கொண்டுவந்து தரும் அக்கா, கிரைண்டரை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததை எங்கள் மாடிப்படியில் நின்று பார்த்தோம். இனி ஏரிக்குப் பக்கத்திலேயே நான்கு பிளாக் எழும்பினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அதை ஆராயத்தான் குழு.

ஆராய்ச்சியின் முதல் கட்டமாக நான் பால்கனியைப் பார்த்தேன்.

மாதிரி வீடு தரைத்தளத்தில், தகரக் கொட்டகைக்குள் இருந்தது. விற்பனைப் பிரிவில் இருந்த பெண் மிகவும் மரியாதையான பிள்ளை. சோபா, டிவி, சமையலறை எல்லாம் காட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். பால்கனி. அதற்கு அப்பால் ஏரி. விடியற்காலை வெளிச்சத்தில், கரை தெரியாத ஏரி. நடுவில் ஒரு நாமக்கோழி, வெள்ளை நெற்றியோடு, அசையாமல் நின்றது. எவ்வளவு நிதானமான பறவை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அது பிளக்ஸ் என்று உறைத்தது. கொட்டகைச் சுவரில் ஏரியை அச்சடித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். உறைத்த பிறகும் நான் நகரவில்லை என்பதுதான் வெட்கம்.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. விளக்கம்தான், நியாயம் அல்ல. பத்தொன்பது வருடமாக என் வீட்டு முன் ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு மோட்டார் ரூம். அது பச்சை நிறத்தில் இருந்தது, பிறகு நீலமானது. மற்றபடி காட்சியில் மாற்றமில்லை. வேலைக்குப் போகும்போது மின்ரயிலில் ஓரிடத்தில், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, இடது பக்கம் வேறோர் ஏரி வரும். பதினொரு விநாடி. எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினொரு விநாடிக்காக இடது வாசல் ஓரம் நிற்பதற்கு முந்தின ஸ்டேஷனிலிருந்தே முழங்கையால் இடம் பிடிப்பேன். யாராவது ஒருவரின் முதுகுப்பை குறுக்கே வந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. மாலையில் திரும்பும்போது கூட்டத்தில் அதுவும் கிடையாது. ஊர் நினைப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்கோடியில் எங்கள் ஊர்க் குளத்தில் நான் இறங்கியதே இரண்டு தடவை. அதில் ஒன்று வழுக்கி விழுந்தது. அங்கே தண்ணீரை நான் கவனித்ததே இல்லை. இங்கே வந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகு, காலையில் காபியோடு உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு எதையும் அப்படி விரும்பியதாக எனக்கு நினைவில்லை. பதினொரு விநாடிக்கு மேல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மறு பக்கத்தில் ஆட்சேபத்தை எழுதினேன். செயலாளர் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டு, பழைய கிராம வரைபடத்தின் நகலை வாங்கி வந்திருந்தார். ஏரியின் தென்கிழக்கு மூலையில், அழிந்தும் அழியாமலும், 'கலங்கல்' என்று எழுதியிருந்தது. தமிழ் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கலங்கல் என்றால் தெளிவற்ற நீர். 'நம் முன்னோர்களான நில அளவையாளர்கள், இவ்விடத்து நீர் அன்றே கலங்கியிருந்ததைக் கூரிய பார்வையோடு பதிவு செய்திருக்கிறார்கள்' என்று தொடங்கி, நீரின் தூய்மை பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ் விளையாடுது சார்," என்றார். பெங்களூரிலிருந்து கட்டைவிரல் வந்தது.

கையெழுத்து வாங்க வேண்டியவர்களில் முக்கியமானவர் மெயின் ரோட்டில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அந்த ஊரின் பழைய குடும்பம். பின்தெரு வரிசை வீடுகளும் அவருடையவைதான். என் வயதுதான் இருக்கும். கடையில், ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, உதடு அசையப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இன்னா சார் எழுதிக்கீறீங்க? தண்ணி கலங்கிகினு இருந்துச்சா?"

மேப்பிலேயே போட்டிருக்கிறதே என்று வரைபடத்தைக் காட்டினேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. எடை போட வந்தவர் காத்திருந்தார்.

"சார், கலங்கல்னா கலங்கின தண்ணி இல்ல. ஏரி ரொம்பிச்சுன்னா வழியுமே, அதுக்குன்னு கல்லு கட்டி வுட்டிருப்பாங்க, அந்த எடம். நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"உங்க ஊர்ல இதுக்கு இன்னா சொல்வாங்க?"

"மறுகால்."

"ஆட்டுக்கால் மாதிரி கீது," என்றார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, பத்தொன்பது வருஷமாக ஏரிக்குக் கீழே குடியிருந்துகொண்டு அது வழிகிற இடம் தெரியாமலா இருக்கிறீர்கள் என்று கேட்டார். என் வீடு இருக்கும் மனையே அந்த ஏரிப் பாய்ச்சலில் விளைந்த நிலம்தானாம். சமையலறை இருக்கும் இடத்தில் அவர்கள் நாற்று விட்டார்களாம். அதை மனை போட்டு விற்றதே நீங்கள்தானே என்றேன். "வாங்கினது நீங்கதானே," என்றார். இதற்கு மேல் அந்த வாதம் எந்தப் பக்கமும் நகராது என்று இருவருக்கும் தெரிந்ததால் டீ வரவழைத்தார்.

மறுநாள் காலை, ரயிலுக்கு முன்னால், அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து போனேன். கரை மேல் முள்ளை விலக்கிக்கொண்டு நடந்தோம். கரை ஓரிடத்தில் தாழ்ந்து, கருங்கல் கட்டாக இருந்தது. அதன் மேல் பல்வரிசை போல நட்டு வைத்த கற்கள். சில பற்கள் விழுந்திருந்தன. ஏரிப் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. நடுவில் ஒரு செருப்பு, ஒரு தெர்மோகோல் பெட்டி. கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம், வாய்க்கால் என்று சொன்னால்தான் தெரியும், முள்ளுக்குள் நுழைந்து கிழக்கே போனது. இதன் வழியாகத்தான் மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும் என்றார். அந்த டிசம்பரில் இது தூர்ந்து கிடந்ததால்தான் நம் தெருவுக்குள் வந்தது என்றார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஆகாயத்தாமரைக்கு அப்பால் கொஞ்சம் திறந்த நீர் தெரிந்தது. அங்கே நாமக்கோழிகள். அசைகிற நாமக்கோழிகள். ஒன்று இன்னொன்றைத் துரத்தி, தண்ணீரின் மேல் ஓடி, தடாலென்று விழுந்தது. பிளக்ஸில் இருந்ததைவிடக் குணம் மட்டம்தான். பதினொரு விநாடி தாண்டியது. நூறு தாண்டியது. "சார், உங்களுக்கு ட்ரெயினு," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். கிராம வரைபடத்தையும் விற்பனை அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த திட்ட வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அளவு. ஜெராக்ஸ் கடையில் எண்பது சதவீதம், எழுபத்தெட்டு, இல்லை எழுபத்தாறு என்று குறைக்கச் சொல்ல, கடைக்காரப் பெண், "அங்கிள், முடிவு பண்ணிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். கடைசியில் ரோட்டு வளைவும் ஏரிக்கரையும் சரியாகப் பொருந்தின. இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். வெயில் பின்னாலிருந்து வந்தது. மோட்டார் ரூமின் நீலமும் கொஞ்சம் வந்தது. பழைய வரைபடத்தின் கலங்கலிலிருந்து புறப்பட்ட இரட்டைக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்தினேன். விரல் ஒரு கட்டத்துக்குள் நுழைந்தது. நீளமான கட்டம். உள்ளே ஓர் எழுத்து: சி.

விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். தாளை மேலே கீழே இழுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸில் அரை சதவீதம் பிசகியிருக்கலாம் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. தண்ணீர் போகும் வழியின் மேல் சரியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது என் பிளாக்.

இரண்டு வரைபடங்களும் சேர்ந்து என்னிடம் மட்டும்தான் இருந்தன. கம்பிக் கடைக்காரர் பழைய வழியைக் காட்டினார், புதிய திட்டத்தைப் பார்க்கவில்லை. செயலாளருக்கு என் தமிழ் போதும். ஒன்றரைப் பக்கக் கலங்கிய நீரை அப்படியே அனுப்பிவிட்டால் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கொட்டாவி விட்டுக் கோப்பில் சேர்த்துவிடுவார். சி பிளாக் எழும்பும். எட்டாவது மாடியில் பிரம்பு நாற்காலி. கெட்ட காரியம் எதையும் செய்ய வேண்டாம், ஒரு சொல்லின் அர்த்தம் தெரியாதவனாகவே இருந்துவிட்டால் போதும். அதில் எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம் இருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தத் தாள்களை ஆபீஸ் பையில் வைத்து ரயிலில் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். மூன்று நாளும் இடது வாசலில் இடம் கிடைத்தது. பார்த்தேன், ஆனால் எண்ண முடியவில்லை.

புதன் மாலை மனைவி கேட்டாள். அவள் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். விடையைவிட வழிமுறைக்கு மதிப்பெண் போடுகிறவள்.

"என்னங்க, ஜன்னல் கண்ணாடில எதுக்கு டேப் ஒட்டியிருக்கு?"

சொன்னேன். டேப்பில் ஆரம்பித்தது பால்கனி வரை வந்துவிட்டது. படிவத்தில் எழுதியது வரை சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், சிரிப்பாள் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். அவள் விடைத்தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"எத்தனாவது மாடி?"

"எட்டு."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"துணி நல்லாக் காயும்," என்றாள்.

அவளுக்கும் ஒரு பால்கனி இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நாளாக, எந்தப் பக்கம் பார்த்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மாவு அக்கா கேட்டைத் தட்டினார். மனைவி எழுந்து போய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு அப்பால் நின்றிருந்த அக்காவின் தலை மட்டும் என் நாற்காலியிலிருந்து தெரிந்தது. கழுத்தளவு. உள்ளே வந்தாள். சாப்பாட்டு மேஜையிலிருந்த விடைத்தாள்களை எடுத்து எனக்கு இடம் ஒழித்துக் கொடுத்தாள்.

ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டு நான்கு வரி எழுதினேன். வரைபடத்தில் கலங்கல் என்று குறித்திருப்பது ஏரியின் உபரி நீர் வெளியேறும் கல்கட்டு. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் சி பிளாக் வரும் இடத்தின் வழியாகப் போகிறது. அதை அடைத்தால் தண்ணீர் இரண்டு தெருக்களுக்குள் வரும். வரைபடங்கள் இணைக்கப்பட்டுள்ளன. வர்ணனை இல்லாமல் நான் எழுதிய பத்தி என் வாழ்நாளில் அது ஒன்றுதான். வியாழக்கிழமை செயலாளர் படித்துவிட்டு, "முன்ன எழுதினதுல ஒரு வேகம் இருந்துச்சு சார்," என்று வருத்தப்பட்டார். வெள்ளிக்கிழமை இருவரும் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம்.

சில வாரம் கழித்துத் தலத்தைப் பார்வையிட வந்தார்கள். நீர்வளத் துறையிலிருந்து ஒரு பொறியாளர் அம்மா, தலையில் தொப்பி, கையில் நீள டேப். முள்ளை வெட்டச் சொல்லி, கற்களை எண்ணி, வாய்க்காலின் மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் யாரோடும் அதிகம் பேசவில்லை. போகும்போது, இது மேப்பில் இருப்பதை முதலில் கவனித்தது யார் என்று கேட்டார். கம்பிக் கடைக்காரர் என்னைக் காட்டினார்.

"சார்தாம்மா. தண்ணி கலங்கலா கீதுன்னு கண்டுபுடிச்சாரு."

மழைக்காலத்துக்கு முன்பே திருத்திய வரைபடம் வந்துவிட்டது. சி பிளாக் இல்லை. அந்த இடத்தில் கோடு கோடாகப் போட்டு, 'நீர்வழி, திறந்தவெளி' என்று எழுதியிருந்தார்கள். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி சமோசா கொடுத்தார்கள். பின்தெருவிலிருந்து மாவு அக்கா வந்து கடைசி வரிசையில் நின்றார். அடுத்த வாரம் மாவு கொஞ்சம் கூடுதலாக இருந்ததாக மனைவி சொன்னாள். எனக்கு அளவு தெரியாது. நான் நல்ல காரியம் செய்தவன் முகத்தை வைத்துக்கொண்டு நடமாடினேன். அது பொருந்தாத சட்டை மாதிரி கக்கத்தில் பிடித்தது.

சாயங்காலங்களில் கரை மேல் போய் நிற்கத் தொடங்கினேன். தண்ணீரைப் பார்க்கத்தான். ஆனால் பார்வை தானாகத் திரும்பி, கிழக்கே, முள் வெட்டிய அந்த நிலத்துக்கு மேலே போய்விடும். எட்டாவது மாடி எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு உயரத்தில், ஒரு பால்கனி அகலத்துக்கு, வெறும் ஆகாயம். அடையப் போகும் கொக்குகள் என் வரவேற்பறை வழியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் மனைவியும் வந்தாள். எங்கே என்று கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, இருட்டும் வரை, இல்லாத அந்த இடத்தைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் நிஜ ஏரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. விற்பனைப் பிரிவின் அதே மரியாதையான பெண். என் விருப்பத்தைக் குறித்து வைத்திருந்தாளாம், அதனால்தான் கூப்பிட்டாளாம். சி பிளாக்கை எடுத்துவிட்டார்கள், அந்த ஏரியாவில் யாரோ வேலையில்லாதவர்கள் மனு போட்டுவிட்டார்கள் என்றாள். அப்படியா, அடடா என்றேன். வருத்தமாக இருந்தது என் குரல். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

"ஆனா அதுவும் நல்லதாத்தான் சார் போச்சு. சி பிளாக் மறைக்காததால பின்னாடி டி பிளாக் ஃபுல்லா இப்ப லேக் வியூ ஆயிடுச்சு. உங்களுக்குச் சொல்லலாம்னுதான் பார்த்தேன், எட்டாவது மாடியெல்லாம் நேத்தே போயிடுச்சு சார். ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல ஒண்ணு இருக்கு, ஜெனரேட்டர் பக்கம். எழுதிக்கட்டுமா?"